ஏகாதசியன்று கப்பலில் ஒரு மேஜை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக யோசித்துவிட்டேன். பேனாவை எடுப்பேன், சுவரில் இருக்கும் பெருமாள் படத்தைப் பார்ப்பேன், மறுபடி மூடி வைத்துவிடுவேன். எனக்கு எட்டாவது வரைக்கும்தான் படிப்பு. திருச்சி பெரிய கடைவீதியில் ஒரு ஜவுளிக் கடையில் புடவை விரித்துக் காட்டியே காலம் போய்விட்டது. எழுத்தெல்லாம் நமக்கு எதற்கு என்று இருந்தேன். ஆனால் என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை புருஷன், எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது இந்தக் கதையை எடுத்துவிடுகிறார். ஒவ்வொரு தடவையும் அதில் ஒரு பதார்த்தம் கூடுகிறது. முதலில் அல்வா மட்டும் இருந்தது. பிறகு புலாவு வந்தது. போன கல்யாணத்தில் ஐஸ்கிரீமும் வந்து சேர்ந்துவிட்டது. இனியும் சும்மா இருந்தால் நான் கப்பலையே தின்றுவிட்டதாகச் சொல்வார்.

ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பெருமாள் சாட்சி. இன்னொரு சாட்சி என் மனைவி. அவள் சொல்வதைத்தான் யாரும் நம்பவில்லை.

ஐம்பதுகளின் பின்பாதி. என் மனைவியின் அண்ணன் பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் பங்குதாரராக இருந்தார். தைமாதம் அவர் பெண்ணுக்கு அங்கேயே கல்யாணம். தங்கைகள் இருவரும் புருஷனோடு வந்தே ஆகவேண்டும் என்று இரண்டு ஜோடிக்கும் கப்பல் டிக்கெட் எடுத்துவிட்டார். இரண்டும் ஒரே வகை டிக்கெட். கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுக்கிற டெக் டிக்கெட், அதோடு சைவச் சாப்பாடு. இதில் ஏற்றத்தாழ்வு எதுவும் இல்லை என்பதுதான் எனக்கு முதல் சந்தோஷம்.

ஏனென்றால் மாமனார் வீட்டில் எப்போதும் ஏற்றத்தாழ்வுதான். நான் மூத்த மாப்பிள்ளை. ஆனால் எனக்குக் காபி பித்தளை டம்ளரில் வரும். சகலைக்கு வெள்ளி டம்ளர். அவர் பொன்மலையில் சர்க்கார் உத்தியோகம். வீட்டில் ரேடியோ இருந்தது. நான் ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் வீதியில் ஒண்டுக்குடித்தனம். கடையில் மற்றவர்கள் வாங்கும் புடவையை மடித்து வைத்துவிட்டு வந்து, என் மனைவி கட்டியிருக்கும் புடவையைப் பார்க்கிறபோது வயிறு எரியும். அவள் ஒன்றும் கேட்கமாட்டாள். கேட்காததாலேயே இன்னும் எரியும்.

வைகுண்ட ஏகாதசிக் கூட்டமெல்லாம் ஓய்ந்து ஊர் அமைதியான பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சகலையும் மச்சினியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சகலை உட்காரும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணே, கப்பல்ல ஸ்பெஷல் ஹால்னு ஒண்ணு இருக்காம், தெரியுமா?"

"தெரியாதே."

"டெக்குல போடறது சோறும் சாம்பாரும். ஒரு மனுசன் அதையே எத்தனை நாள் சாப்பிடுவான்? கீழ ஒரு ஹால் இருக்காம். வெள்ளைத்துணி போட்ட மேஜை, மேல ஃபேன். சுத்த சைவம். மாயவரத்து சமையல்காரர். எந்த டிக்கெட்டா இருந்தாலும் மேல கொஞ்சம் எக்ஸ்ட்ரா கட்டினா, அன்னைக்கு அங்க உக்காந்து சாப்பிடலாம். முன்னாடியே மேஜைக்குச் சொல்லி வைக்கணும். நான் மூணு நாளைக்குப் போட்டுட்டேன்."

மச்சினி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாதாம் அல்வா போடுவாங்களாம்க்கா," என்றாள்.

என் மனைவி, "நல்லதாப் போச்சு. நீ போயிட்டு வந்து சொல்லு, நான் கேட்டுக்கறேன்," என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது சகலை சொன்னார்: "அண்ணே, நீங்களும் போடுங்களேன். கையில இல்லேன்னா சொல்லுங்க, நானே போட்டுடறேன். சகலைக்குள்ள என்ன?"

அந்த 'நானே போட்டுடறேன்' இருக்கிறதே, அது என்னைத் தூங்கவிடவில்லை. ஒரே டிக்கெட், ஒரே டெக், ஒரே பாய். அதிலும் மேல்கட்டணம் என்று ஒரு படியை வைத்து, அதில் ஏறி நின்றுகொண்டு எனக்குக் கை கொடுக்கிறாராம். என் மனைவியை ஒரு நாளாவது அந்த மேஜையில் உட்கார வைக்காவிட்டால் நான் மூத்த மாப்பிள்ளை இல்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வேறு எதுவும் அப்போது என் கண்ணில் படவில்லை.

மறுநாள் கடைக்குப் போகிற வழியில், காவேரிப் பாலம் தாண்டியதும் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி, பாலக்கரைப் பக்கம் இருந்த கப்பல் ஏஜெண்டு ஆபீசுக்கு நடந்தேன். தீபாவளிக்குக் கடையில் கொடுத்த போனஸ் மடியில் இருந்தது. ஆபீசில் டிக்கெட் எழுதுகிறவர் வயதான பாய். வெள்ளைத் தொப்பி, நரைத்த தாடி, காதில் பென்சில்.

"வாங்க தம்பி. பினாங்கு டிக்கெட்தானே? சீரங்கம்?"

"ஆமாங்க பாய். ஸ்பெஷல் ஹால்ல மேஜை வேணும். ரெண்டு பேருக்கு."

"எத்தனை நாளைக்கு?"

"என் சகலை எந்தெந்த நாள் போட்டிருக்கார்?"

பாய் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நீங்க சாப்பிடப் போறீங்களா, இல்ல அவரு சாப்பிடறத வேடிக்கை பாக்கப் போறீங்களா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. "ஒரு நாள் போதும் பாய்," என்றேன். மேல்கட்டணத்தைக் கேட்டதும், ஒரு நாளைக்குத்தான் மடியில் தாங்கும் என்று தெரிந்துவிட்டது.

அவர் பேரேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லா நாளும் ரொம்பிருச்சு தம்பி. வியாழக்கிழமை மதியம் மட்டும் காலியாக் கெடக்கு. அதுவும் ஒண்ணு ரெண்டு இல்ல, மொத்த ஹாலுமே காலி. உங்களுக்குன்னே அல்லா வச்சிருக்கான் போங்க."

"போடுங்க."

"ஒண்ணு சொல்லிடறேன். நாள் மாத்த முடியாது, காசு திரும்பாது, சாப்பாட்ட ஹாலுக்கு வெளிய எடுத்துட்டுப் போகவும் கூடாது. யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன் பாய், போடுங்க."

மற்ற நாளெல்லாம் அடைத்துக்கொண்டிருக்க, அந்த ஒரு வியாழக்கிழமை மட்டும் ஏன் காலி என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. வேறு ஊர்க்காரனுக்குத் தோன்றாவிட்டால் பரவாயில்லை. நான் ஸ்ரீரங்கத்துக்காரன்.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் யாரும் ஏகாதசியைத் தேடிப் போவதில்லை. அது தானாக வரும். முந்தின நாள் தசமியன்றே தெருவில் பேச்சு மாறிவிடும். "நாளைக்கு விரதம்" என்று பால்காரர் கூடுதல் பால் வேண்டுமா என்று கேட்பார். காய்கறிக்காரி அகத்திக்கீரையைத் துவாதசிக் காலைக்கென்று எடுத்து வைப்பாள். வீட்டில் அடுப்பு சீக்கிரமே அணைந்துவிடும். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் ஒரு ஏகாதசியன்றும் சாப்பிட்டதில்லை. ஆனால் ஒரு தடவைகூடப் பஞ்சாங்கத்தைப் புரட்டி என்றைக்கு என்று பார்த்ததும் இல்லை. ஊர் சொல்லும், மனைவி சொல்லுவாள், நான் இருப்பேன். அவ்வளவுதான். இங்கிலீஷ் தேதியைக் கையில் கொடுத்து வியாழக்கிழமை என்றால், எனக்கு அது வெறும் வியாழக்கிழமைதான்.

சீட்டை என் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். மனைவியிடம் சொல்லவில்லை. அன்றைக்கு நேராக அழைத்துக்கொண்டு போய் மேஜை முன்னால் நிறுத்தவேண்டும் என்று ஆசை. மச்சினி பார்க்கவேண்டும், சகலை பார்க்கவேண்டும்.

நாகப்பட்டினத்தில் படகில் போய்க் கப்பல் ஏறினோம். ஏறினது முதல் எனக்குக் கடலும் தெரியவில்லை, வானமும் தெரியவில்லை. மதியம் மணி அடித்ததும் சகலை சில்க் ஜிப்பா போட்டுக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு, மச்சினியோடு கீழே இறங்குவார். நாங்கள் அலுமினியத் தட்டை எடுத்துக்கொண்டு டெக் வரிசையில் நிற்போம். எங்கள் சாப்பாடு ஒன்றும் மட்டமில்லை. சாம்பார் சூடாகவே இருக்கும். ஆனால் நான் சாப்பிட்டது சாம்பாரை இல்லை. அவர்கள் கீழே என்ன சாப்பிடுகிறார்கள் என்பதைத்தான் ஒவ்வொரு கவளத்திலும் சாப்பிட்டேன்.

அவர்கள் திரும்பி வந்ததும் கச்சேரி ஆரம்பமாகும்.

"துணிய மடிச்சு அன்னப்பட்சி மாதிரி நிக்க வச்சிருக்கான்க்கா! எடுக்கவே மனசு வரல."

"எடுக்காம எதுல கை துடைச்ச?" என்பாள் என் மனைவி.

"இவருதான் எடுத்து விரிச்சாரு. விரிச்சதும் அன்னம் செத்துப்போச்சு."

சகலை பல் குத்திக்கொண்டே சொல்லுவார்: "ஒரே ஒரு குறைண்ணே. ஜன்னலோரமா மூலையில ஒரு மேஜை இருக்கு. வட்டக் கண்ணாடி ஜன்னல், கடல் அப்படியே தெரியும். பட்லர்ட்ட எத்தனை தடவ கேட்டாலும் அது ஆளு இருக்கு, ஆளு இருக்குங்கறான்."

இரண்டாம் நாள் மச்சினி கைக்குட்டையில் முந்திரிப் பக்கோடாவைச் சுருட்டி அக்காவுக்குக் கொண்டுவந்தாள். வெளியே எடுத்துவரக்கூடாது என்ற விதியெல்லாம் அவளுக்குக் கிடையாது. என் மனைவி அதை வாங்கிப் பாதி எனக்கு நீட்டினாள்.

"வேண்டாம், எனக்கு வயிறு சரியில்ல," என்றேன்.

அவள் மொறுமொறுவென்று சாப்பிட்டாள். "நல்லாத்தான் இருக்கு. பாவம், அக்காவ நெனச்சுக் கொண்டு வந்திருக்கா," என்றாள். அவள் சந்தோஷப்பட்டது எனக்குப் பொறுக்கவில்லை. வாங்கிக் கொடுக்கவேண்டியவன் நான். யாரோ வாங்கியதில் மிச்சத்தை இவள் தின்கிறாளே! வியாழக்கிழமை வரட்டும் என்று பையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

புதன்கிழமை சாயங்காலம் டெக்கில் சாப்பாட்டு மணி அடித்தது. நான் தட்டை எடுத்தேன். மனைவி எழுந்திருக்கவில்லை.

"நீங்க போயிட்டு வாங்க. எனக்கு ராத்திரிக்கு வேண்டாம்."

"ஏன், கடல் ஒத்துக்கலையா?"

"கடலுக்கென்ன? இன்னைக்கு தசமிங்க. நாளைக்கு ஏகாதசி."

தட்டு என் கையிலிருந்து நழுவி டெக் பலகையில் உருண்டு ஓடியது. கிராப்பட்டிக்காரர் ஒருவர் காலால் நிறுத்திக் கொடுத்தார்.

"என்னங்க, என்னாச்சு?"

சீட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் தெரியும். மெதுவாகப் படித்தாள். ஹால், மேஜை, இரண்டு பேர், வியாழன் மதியம். படித்து முடித்து என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள், "எனக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

சட்டென்று நான் கீழே பட்லரைத் தேடிக்கொண்டு ஓடினேன். அவர் நாகூர்ப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர், வெள்ளை உடுப்பு. வியாழக்கிழமை மேஜை எங்களுடையது என்று மட்டும் சொன்னேன். வெள்ளிக்கிழமைக்கு மாற்றித் தரும்படி கையைப் பிடித்துக் கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை நிக்கக்கூட எடமில்ல சார். நாளைக்கு ஹால்ல எல்லா மேஜையும் சும்மாத்தான் கெடக்கு. வடக்கத்தி சேட்டு குடும்பம் ஒண்ணு பதினோரு மணிக்கே சாப்பிட்டுப் போயிரும். அப்புறம் நீங்க மட்டும்தான். தஞ்சாவூர், கும்பகோணம், சீரங்கம், ஒருத்தரும் நாளைக்குப் போடல. ஏதோ விரதமாமே?"

"ஆமாம், விரதம்தான்."

"நீங்களும் சீரங்கம்தானே சார்?"

நான் படியேறிவிட்டேன்.

டெக்குக்கு வருவதற்குள் விஷயம் எனக்கு முன்னாலேயே வந்திருந்தது. மனைவி தங்கையிடம் சொல்ல, தங்கை புருஷனிடம் சொல்ல, அவர் நடு டெக்கில் நின்றுகொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"கேட்டீங்களா அக்கிரமத்தை! சீரங்கத்துக்காரரு, மாசம் ரெண்டு ஏகாதசி விடாதவரு, கப்பல்ல விருந்துக்கு ஏகாதசியாப் பாத்து சீட்டு வாங்கியிருக்காரு!"

பாய்களில் படுத்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்து சிரித்தார்கள். தட்டை நிறுத்திக் கொடுத்த கிராப்பட்டிக்காரரும் சிரித்தார்.

பிறகு சகலை என் பக்கத்தில் வந்து தோளில் கைபோட்டார். "அண்ணே, மனசுல வச்சுக்காதீங்க. எங்களுக்கு ஏகாதசியும் கிடையாது, துவாதசியும் கிடையாது. சீட்டக் கொடுங்க, நாங்க போயிட்டு வந்துடறோம். வீணாப் போறதுக்கு யாராவது சாப்பிட்டா புண்ணியம்தானே?"

என் போனஸில், என் மனைவிக்கென்று வாங்கின மேஜையில், இவர் நாலாவது நாளாகப் போய் உட்காரவேண்டுமாம். சீட்டைக் கிழித்துக் கடலில் போட்டாலும் போடுவேனே தவிர இவரிடம் கொடுக்கமாட்டேன் என்று நினைத்தேன். வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் என் மனைவி சொன்னாள்:

"நாங்களே போறோம்."

"என்னக்கா, சாப்பிடப் போறியா?" என்று மச்சினி வாயில் கைவைத்தாள்.

"உக்காரப் போறேன். ஏகாதசிக்குச் சாப்பிடத்தான் கூடாது. நாற்காலியில உக்காரக் கூடாதுன்னு யாரு சொன்னா? இவரு எனக்குன்னு வாங்கின மேஜை. ஒரு நாழி உக்காந்து பாத்துட்டு வரேன்."

மறுநாள் காலையில் நாங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த துளசியைத் தீர்த்தத்தோடு எடுத்துக்கொண்டோம். எங்கள் ஏகாதசிக்கு அவ்வளவுதான் ஆகாரம். மதியம் அவள் தன் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டாள். நெற்றிக்கு இட்டுக்கொண்டாள். நான் நாமம் சரியாக இருக்கிறதா என்று ஒரு சின்னக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். இரண்டு பேரும் இறங்கினோம்.

ஹாலில் ஒரு ஈ காக்கை இல்லை. பட்லர் எங்களைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு நேராக மூலைக்கு அழைத்துப் போனார். வட்டக் கண்ணாடி ஜன்னல், ஜன்னலோர மேஜை! "இன்னைக்கு யாரும் இல்ல சார். ராஜா மாதிரி உக்காருங்க," என்றார். என் சகலை மூன்று நாளாகக் கேட்டும் கிடைக்காத மேஜை அது. பரிமாறுகிறவர்கள் அத்தனை பேரும் வேறு வேலையில்லாமல் எங்களைச் சுற்றி நின்றார்கள். ஃபேன் எங்கள் இரண்டு பேருக்காக மட்டும் சுற்றியது.

என் மனைவி முதலில் அந்த அன்னப்பட்சியைப் பார்த்தாள். தொடவில்லை. பிறகு ஜன்னலைப் பார்த்தாள். கடல் அவள் கன்னத்துக்குப் பக்கத்திலேயே ஏறி இறங்கியது.

"நாங்க இன்னைக்கு விரதம். ஒண்ணும் வேண்டாம், சும்மா உக்காந்துட்டுப் போறோம்," என்று பட்லரிடம் சொன்னேன்.

அவர் சங்கடப்பட்டார். "மேஜைக்கு ஆளு உக்காந்தா பரிமாறியே ஆகணும் சார். இல்லேன்னா மேல என்னைக் கேப்பாங்க. வைக்கிறோம், நீங்க தொடாதீங்க. அப்படியே எடுத்துடறோம்."

அப்படித்தான் நடந்தது. புலாவு வந்தது, போனது. கட்லெட் வந்தது, போனது. ஒவ்வொன்றும் வரும்போது என் மனைவி, "இது என்னங்க?" என்று பரிமாறுகிறவரைக் கேட்டாள். எப்படிச் செய்வது என்று கேட்டாள். அவர்களும் குஷியாகச் சொன்னார்கள். ஒரு பெரிய மனுஷி வீட்டுக் கல்யாணத்தில் சமையலை மேற்பார்வை பார்ப்பதுபோல இருந்தது. எனக்குத்தான் பசி குடலைப் பிடுங்கியது. நெய் வாசனை வேறு. நாராயணா நாராயணா என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் பாதாம் அல்வா வந்தது. கண்ணாடிக் கிண்ணத்தில், பொன்நிறமாக, நெய் மினுங்க. என் மனைவி ஒன்றும் கேட்காமல் அதையே பார்த்தாள்.

அந்தச் சமயத்தில் நான் வாசல் பக்கம் திரும்பினேன். ஹால் கதவில் பாதி கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்கு அப்பால் சகலையின் முகம். எங்களைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார். அவர் கண் முதலில் ஜன்னலோர மேஜையைப் பார்த்தது. பிறகு எங்களைச் சுற்றி நின்ற ஆட்களைப் பார்த்தது. அந்த முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் நான் பல வருஷம் பார்த்த முகம். வெள்ளி டம்ளரில் அவருக்குக் காபி வரும்போதெல்லாம் எனக்கு இருந்த முகம்.

இனி எழுதுவதுதான் முக்கியம்.

நான் ஸ்பூனை எடுத்தேன். அல்வாவில் கொஞ்சம் அள்ளினேன். முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். நன்றாக இருக்கிறது என்பதுபோல. அவர் பார்க்கவேண்டும், அவர் வயிறு ஒரு நாளாவது எரியவேண்டும். அவ்வளவுதான் என் எண்ணம். வாசனை மூக்கில் ஏறியது. உதட்டுக்கும் ஸ்பூனுக்கும் நடுவில் ஒரு விரல் இடம் இருந்திருக்கும்.

"என்னங்க," என்றாள் என் மனைவி, மெதுவாக. "பெருமாள் பாத்துட்டிருக்கார்."

அவள் கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. நான் ஸ்பூனைக் கிண்ணத்தில் அப்படியே வைத்தேன். திரும்பிப் பார்த்தபோது கண்ணாடியில் முகம் இல்லை. ஸ்பூன் மேலே போனதைப் பார்த்தவர் கீழே இறங்கினதைப் பார்க்காமல் போய்விட்டார்.

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். தங்கையாக இருந்தால் கைக்குட்டையில் முடிந்து, மறுநாள் துவாதசிக்குச் சாப்பிட்டிருப்பாள். இவள் செய்யமாட்டாள். எழுந்திருக்கும்போது அன்னப்பட்சியை ஒரு தடவை விரலால் தடவினாள். "வாங்க போகலாம்," என்றாள்.

மேலே வந்தால் டெக்கில் எல்லோரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். சகலை கப்பல் கம்பியில் சாய்ந்துகொண்டு, "என்னண்ணே, அல்வா ஜீரணமாச்சா?" என்றார்.

"நான் சாப்பிடல."

"என் கண்ணால பாத்தேனே!"

"எடுத்தேன், சாப்பிடல."

"சாப்பிடாதவரு எதுக்கண்ணே ஸ்பூன எடுத்தாரு?"

அதற்கு நான் என்ன பதில் சொல்வது? உன் வயிறு எரிவதற்காக எடுத்தேன் என்று அத்தனை பேர் முன்னால் சொல்லவா? வாயை மூடிக்கொண்டேன். அந்த மௌனத்தை எல்லோரும் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டார்கள்.

என் மனைவி, "அவரு சாப்பிடலடி, நான் பக்கத்துலதானே இருந்தேன்," என்று தங்கையிடம் சொன்னாள்.

"நீ உன் புருஷன விட்டுக் கொடுப்பியாக்கா?" என்று மச்சினி சிரித்தாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. திரும்பி வந்தது வேறு கப்பல். அதில் அந்த மாதிரி ஹாலும் இல்லை, மேஜையும் இல்லை. ஊருக்கு நாங்கள் வருமுன்பே கதை வந்துவிட்டது. மாசம் இரண்டு தடவை ஏகாதசி பஜனைக்கு எங்கள் தெருக்காரர்கள் கூடுவோம். ஜால்ரா போடுகிறது என் வேலை. நான் உள்ளே போனதும் ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தபடி, "வாங்க, கப்பல் ஏகாதசி!" என்றார். அன்றையிலிருந்து எனக்கு அதுவே பெயராகிவிட்டது. அடுத்த மார்கழியில் சொர்க்கவாசல் வரிசையில் நிற்கிறேன், பின்னாலிருந்து ஒரு குரல்: "உள்ள ஜன்னலோர மேஜை காலியா இருக்கான்னு அவரக் கேளுங்கப்பா." அந்த இருட்டிலும் குளிரிலும் எனக்கு வியர்த்தது. எனக்கு வேறு சொத்து கிடையாது சார். வீடு வாசல் கிடையாது. 'இவன் ஒரு ஏகாதசியும் விட்டதில்லை' என்ற ஒரு பேர்தான் இருந்தது. அதையும் அல்வாவோடு சேர்த்து என் சகலை தின்றுவிட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அறுபதுகளில் ஏதோ வயிற்று வலி வந்து, டாக்டர் பட்டினி போடச் சொல்லி, என் சகலை ஏகாதசி இருக்க ஆரம்பித்தார். இப்போது அவரைப் பெரிய பாகவதர் என்கிறார்கள். "உத்தியோகத்துல இருந்துக்கிட்டே என்ன பக்தி பாருங்க," என்று என்னிடமே வந்து சொல்கிறார்கள். வெள்ளி டம்ளரை நான் பொறுத்துக்கொண்டேன். ரேடியோவைப் பொறுத்துக்கொண்டேன். என் ஏகாதசியையும் அவர் எடுத்துக்கொண்டதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? பெருமாளிடம் நேராகவே கேட்டிருக்கிறேன். அவர் படுத்தபடியே இருக்கிறார்.

ஒரு தடவை பெரிய கடைவீதியில் நல்ல கடையாகப் பார்த்துப் பாதாம் அல்வா வாங்கிக்கொண்டு போனேன். ஏகாதசி இல்லை என்று இரண்டு பேரைக் கேட்டுக்கொண்டுதான் வாங்கினேன். மனைவி ஒரு துண்டு வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றாள்.

"நல்லா இருக்கா?"

"இருக்கு."

"அது மாதிரி இருக்கா?"

"அத நான் சாப்பிடலையே, எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அது இன்னும் கொஞ்சம் மஞ்சளா இருந்துது," என்றாள். "ஜன்னல் வெளிச்சமோ என்னமோ."

அவளுக்கு அந்தக் கிண்ணம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. எனக்கு அந்தக் கண்ணாடியில் தெரிந்த முகம்தான் ஞாபகம் இருக்கிறது. அதை நினைத்தால் இப்போதும் கொஞ்சம் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எங்கேயாவது கல்யாணப் பந்தியில் என் சகலை வெற்றிலை மடித்துக்கொண்டு இந்தக் கதையை ஆரம்பித்தால், அவர் முடிக்கும்வரை கேளுங்கள். பிறகு நீங்கள் இதைச் சொல்லுங்கள். நான் சாப்பிட்டேன் என்று சொல்லாதீர்கள். நான் ஆசைப்படவே இல்லை என்று எனக்காகக் கூட்டியும் சொல்லாதீர்கள். கட்லெட் வந்தது, போனது. புலாவு வந்தது, போனது. ஐஸ்கிரீம் அன்றைக்கு வரவே இல்லை. ஸ்பூனை எடுத்தான், சகலைக்குக் காட்டினான், மனைவி பெருமாள் பேரைச் சொன்னாள், வைத்துவிட்டான். இவ்வளவுதான். ஒரு பருக்கை கூட்டாமல், ஒரு பருக்கை குறைக்காமல், இதே மாதிரி அடுத்தவருக்குச் சொல்லுங்கள்.